பொம்மைச் சுற்றுத்தாள்: ஒரு முன்னோடி ஆய்வு

பழைய செய்தித்தாள்களைத் தேடுகிறவர்கள் நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் அலைகிறார்கள். பரண்மேல் இருக்கும் கொலுப்பெட்டியை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. தசாவதார செட்டில் வாமனரின் குடை ஒடியாமல் இருக்கச் சுற்றிய தாளில் என்றைக்கோ நடந்த கிணற்றுத் தகராறு கிடக்கிறது. பொம்மையை எடுக்க உட்கார்ந்தவர் அதைப் படிக்க ஆரம்பித்துவிட, படி கட்டும் வேலை மதியத்துக்குத் தள்ளிப்போகிறது. வீட்டுக்கு வீடு நடக்கும் இந்த நிகழ்வுக்கென்று இதுவரை ஒரு பல்கலைக்கழகமும் துறை தொடங்கவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1900-ல் எகிப்தின் டெப்டுனிஸ் என்ற இடத்தில் கிரென்ஃபெல், ஹண்ட் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் தோண்டியபோது, மனித மம்மிக்குப் பதில் முதலை மம்மிகளாகவே வந்துகொண்டிருந்தன. வெறுத்துப்போன தொழிலாளி ஒருவர் ஒரு முதலையைப் போட்டு உடைத்தார். பார்த்தால், அதைச் சுற்றியிருந்தது அத்தனையும் எழுதிக் கழித்த பாப்பிரஸ் தாள். ஜப்பானிலிருந்து பாரிசுக்கு வந்த பீங்கான் பெட்டியில் திணித்திருந்த தாளாகத்தான் ஹொக்குசாயின் ஓவியங்கள் 1856-ல் ஃபெலிக்ஸ் பிராக்மோன் கண்ணில் பட்டன என்று கலை உலகில் ஒரு கதை உண்டு. வரலாற்றாசிரியர்கள் சிலர் இதை நம்புவதில்லை. அவர்கள் பீங்கான் வாங்கிப் பிரித்ததில்லை போலும்.

தமிழ்நாட்டில் இந்த ஆய்வுக்குத் தகுந்த களம் விருத்தாசலம். பக்கத்தில் நெய்வேலி, நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண். ஊரிலோ செராமிக் தொழிற்பேட்டை. களிமண் கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் ஒட்டி இறுகுகிறது. நடுவில் மிச்சமிருக்கும் கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே வெற்றிடம். அதனால்தான் பீங்கான் பொம்மை அத்தனை லேசு. அதனால்தான் தட்டினால் போச்சு. காய்ந்து, சூளையில் வெந்து, கிளேஸ் போட்டு வெளியே வந்ததும் அதற்குக் கிடைக்கும் முதல் உடை, பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் வாங்கிய நேற்றைய உலகம்.

தேதி கிழிந்துபோன தாளின் வயதை அறிவது எப்படி? கரிமச் சோதனை தேவையில்லை. சவரன் விலை இருக்கிறது, மேட்டூர் அணையின் நீர்மட்டம் இருக்கிறது, சினிமா விளம்பரம் இருக்கிறது. எல்லாவற்றையும்விட நம்பகமானது தினத்தந்தியின் ‘கன்னித்தீவு’. 1960-ல் தொடங்கிய படக்கதை. நாளுக்கொரு எண்ணோடு இருபதாயிரத்தைத் தாண்டி இன்னும் ஓடுகிறது. சிந்துபாத்தின் பக்கத்தில் உள்ள எண் தெரிந்தால் ஆண்டைக் கணக்குப் போட்டுவிடலாம். கதை எதுவரை வந்தது என்பதை வைத்துக் கணிக்க முயன்றால் மட்டும் நூற்றாண்டுகள் பிசகும்.

கொலுப்பெட்டிச் சான்றுகளில் ஒரு பெருங்கோளாறு உண்டு. பொம்மைகள் விஜயதசமி முடிந்து உள்ளே போகின்றன. அதனால் சுற்றும் தாளெல்லாம் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர். பெட்டியை மட்டும் நம்பினால், தமிழக வரலாறு முழுவதும் தீபாவளி ஜவுளி விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து முடிந்திருக்கிறது. ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னையில் குண்டு வீசியது 1914 செப்டம்பர் 22, நவராத்திரி தொடங்கிய வாரம். அது இந்த வரலாற்றில் இடம்பெறும். அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் விழுந்தது 1979 ஜூலை 11. அது இடம்பெறாது, கொலுப்பெட்டியைப் பொறுத்தவரை இன்னும் வானத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

விருத்தாசலம் இங்கேதான் கைகொடுக்கிறது. அகல் விளக்குக்கும் பியூஸ் கட்டைக்கும் சீசன் கிடையாது; பன்னிரண்டு மாதமும் சரக்கு போகிறது, பன்னிரண்டு மாதத் தாளும் அதோடு போகிறது. எனவே ஜூலை மாதமும் வரலாற்றில் சேர்கிறது, ஸ்கைலாபும் தரையிறங்குகிறது. எங்கே விழுமோ என்று இந்தியாவே நடுங்கிய அந்த விண்கலம் மேற்கு ஆஸ்திரேலியாவில் போய் விழுந்தது. எஸ்பரன்ஸ் ஊராட்சியார், குப்பை போட்டதாகச் சொல்லி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தார்கள். ‘சான் பிரான்சிஸ்கோ எக்ஸாமினர்’ முதல் துண்டைக் கொண்டு வருபவருக்கு 10,000 டாலர் என்று அறிவித்திருந்தது. அதே எஸ்பரன்ஸில் 17 வயதுப் பையன் ஒருவன் தன் வீட்டுக் கூரையில் விழுந்ததை அள்ளிக்கொண்டு விமானம் ஏறிவிட்டான். விருத்தாசலத்தில் விழுந்திருந்தால் பேப்பர் கடைக்காரர் எடை போட்டு எடுத்திருப்பார்.

கொலுப்பெட்டி ஆய்வாளர்களின் கோகினூர் என்றால் 1995 செப்டம்பர் 22-ஆம் தேதித் தாள்தான். முந்தின நாள் வியாழக்கிழமை, நாடெங்கும் பிள்ளையார் பால் குடித்தார். கரண்டியோடு வரிசையில் நின்றவர்களில் படித்தவர், படிக்காதவர் பேதமில்லை. மத்திய அரசின் விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து கொடுத்து, அது சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்ததைக் காட்டினார்கள். பரப்பு இழுவிசை என்றார்கள். அடுத்த வாரமே நவராத்திரி. ஆகவே அந்தச் செய்தி எத்தனையோ பிள்ளையார் பொம்மைகளைச் சுற்றிக்கொண்டு பரணுக்குப் போயிருக்க வேண்டும். இதில் விஞ்ஞானிகள் விட்டுவிட்ட ஒரு கூறை எந்த வீட்டு அம்மாவும் எடுத்துச் சொல்லியிருப்பார்: புது மண் அகலை முதலில் தண்ணீரில் ஊறப்போடாவிட்டால் ஊற்றுகிற எண்ணெயை எல்லாம் அதுவே குடித்துவிடும். சுட்ட மண் பிள்ளையார் கொஞ்சம் நிஜமாகவே குடிப்பார். கிளேஸ் போட்ட விருத்தாசலத்துப் பிள்ளையார் ஒரு சொட்டு தொட மாட்டார். பதினெட்டு அடி ஆழத்தில் இருக்கும் அவ்வூர் ஆழத்துப் பிள்ளையார் கருங்கல். அவர் விஷயத்தில் ஆய்வு எதுவும் சொல்லாது.

இத்துறையின் தீராத சிக்கல், கிழிசல். ‘புதையல் எடுக்கப் போன மூவர்’ என்று தலைப்பு இருக்கும். கிணற்றில் இறங்கியதும் ‘7-ஆம் பக்கம் பார்க்க’ என்று நிற்கும். ஏழாம் பக்கம் செட்டியார் பொம்மையின் தொப்பையைச் சுற்றியிருக்கலாம், அல்லது அடுத்த தெருவில் யாரோ வாங்கிய ஊறுகாய் ஜாடிக்குள் இருக்கலாம். இருக்கிற பாதியும் நிரந்தரமில்லை. இப்போது பொம்மைகள் குமிழித்தாள் சுற்றி கூரியரில் வருகின்றன. அதில் வெடிக்கத்தான் ஏதாவது இருக்கிறது. கொலுப்படிக்கு முன்னால் உட்கார்ந்தவர் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டு எழுந்துவிடுகிறார். ஆய்வுக்குத் தரவு கிடைப்பதில்லை.