கையேட்டுத் துறைக்கு ஒரு பாராட்டு மனு

அனுப்புநர்: முன்கதவு வாஷிங் மெஷின் ஒன்றை வாங்கியவர்
பெறுநர்: பயனர் கையேடு தயாரிப்புத் துறை, பெயர் சொல்ல விரும்பாத நிறுவனம்
பொருள்: தங்கள் கையேடு யாருக்காக எழுதப்பட்டது எனத் தெரிவிக்கக் கோருதல்

பெருமதிப்பிற்குரியீர்,

தங்கள் மெஷினைவிடத் தங்கள் கையேடு கெட்டி. முதல் 12 பக்கங்களும் எச்சரிக்கைகள். மெஷின் மேல் ஏறி நிற்காதே, பெட்ரோல் பட்ட துணியைப் போடாதே என்று பெற்ற தாயைப் போல் புத்தி சொல்கிறீர்கள். ஆனால் முதல் நாளே எல்லோருக்கும் தேவைப்படும் எச்சரிக்கை ஒன்று உண்டு. லாரியில் வரும்போது டிரம் ஆடாமல் பிடித்திருக்கும் பின்பக்க போல்ட்டுகளைக் கழற்றிவிட்டுத்தான் மெஷினை ஓட்ட வேண்டும். அதை 41-ஆம் பக்கத்தில், சுழல் வேக அட்டவணைக்கு அடியில் பத்திரப்படுத்தியிருக்கிறீர்கள். வாசகர் அங்கே போய்ச் சேர்வதற்குள் மெஷின் குதித்துக் குதித்துச் சமையலறை வாசலுக்கே வந்துவிடுகிறது.

பொருளடக்கம் இன்னும் அருமை. அதைப் படித்தாலே தங்கள் அலுவலகத்தில் எந்தத் துறை எந்த மாடியில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். மோட்டார் துறைக்கு ஓர் அத்தியாயம், மின்னணுத் துறைக்கு ஓர் அத்தியாயம், சட்டத் துறைக்கு மீதியெல்லாம். துணி துவைப்பவரோ அத்தியாயம் தேடி வருவதில்லை. பட்டுப் புடவையைப் போடலாமா, தண்ணீர் இறங்கவில்லையே, கதவு திறக்க மாட்டேன் என்கிறதே என்று பதறிக்கொண்டு வருகிறார். அவருக்குத் தங்கள் பதில்: “இ-4: பிழை எண் 4. சேவை மையத்தை அணுகவும்.” அணுகினால், “கீழே ஃபில்டர் இருக்கும் சார், கழற்றிக் கழுவினீங்களா?” என்கிறார்கள். இந்த ஒரு வரிக்குக் கையேட்டில் இடமில்லாமல் போனதில் வியப்பில்லை. நிர்வாக இயக்குநரின் வாழ்த்துச் செய்தி முழுப் பக்கம் அல்லவா!

தங்கள் திட்ட நிர்வாகத்தையும் ஓரளவு ஊகிக்க முடிகிறது. மெஷினுக்கு வருடக்கணக்கில் நேரம், கையேட்டுக்குக் கடைசி வாரம். எழுதியவர் கண்ணில் மெஷினைக் காட்டியிருக்க மாட்டீர்கள். பொறியாளர்களின் குறிப்புகள் மட்டும் மின்னஞ்சலில் போயிருக்கும். அச்சுக்குப் போன பிறகு இடப்பக்கப் பொத்தானை வலப்பக்கம் மாற்றியிருப்பீர்கள். படத்தில் இருப்பது வேறு யார் வீட்டு மெஷினோ என்று நாங்கள் திகைப்பது அதனால்தான்.

கையேட்டை வேறு மாதிரியும் எழுதலாம் என்று காட்டியவர் உண்டு. 1980-களில் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் கரோல் என்ற ஆய்வாளர் இருந்தார். புதிதாகக் கணினி பழகுபவர்கள் கையேட்டோடு மல்லுக்கட்டுவதைக் கூர்ந்து கவனித்தார். பலரும் அதை வரிசையாகப் படிக்கவில்லை. நேரே வேலையில் இறங்கினார்கள், வழி தவறித் தவித்தார்கள். ஆகவே நீட்டி முழக்குவதை வெட்டினார். செய்ய வேண்டிய வேலையையும், தவறினால் மீளும் வழியையும் முன்னால் வைத்தார். கையேடு இளைத்தது, கற்றவர்களோ இன்னும் வேகமாகக் கற்றார்கள். இப்படிப்பட்ட ஆபத்தான ஆராய்ச்சி தங்கள் துறைக்குள் நுழைந்துவிடாமல் காத்துவரும் அதிகாரிக்குப் பதவி உயர்வு தர வேண்டும்.

சட்டத் துறையினரை மட்டும் கொஞ்சம் எழுப்புங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, தீங்கு நேராமல் பொருளைப் பயன்படுத்தப் போதிய வழிமுறை தராததையும் உற்பத்தியாளரின் பொறுப்பில்தான் சேர்க்கிறது. போதிய வழிமுறை என்கிறது. பருமனான புத்தகம் என்று சொல்லவில்லை.

எனவே சமூகம் கருணைகூர்ந்து, அடுத்த மாடலுக்குக் கையேடு எழுதுபவரை முதல் கூட்டத்திலேயே உட்கார வைக்க வேண்டுகிறேன். அச்சுக்கு முன், அந்த மெஷினைப் பார்த்தே இராத ஒருவரிடம் பெட்டியையும் கையேட்டையும் கொடுங்கள். பொறியாளர்கள் பக்கத்தில் நிற்கலாம்; வாய் திறக்கக் கூடாது. எந்தப் பக்கத்தில் அவர் முகம் சுளிக்கிறாரோ அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள். ஆகும் செலவு, அவருக்கு ஒரு காபி.

இப்படிக்கு,
41-ஆம் பக்கத்தைத் தாமதமாக அடைந்தவர்

பி.கு.: இதில் காட்டப்பட்டுள்ள கோபம் மாதிரிக்கு மட்டுமே. உண்மையான கோபம் மாடலுக்கு மாடல் மாறுபடலாம்.