பொன்னும் பறியும்

பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பார்கள்; எதிரில் நிற்கும் வாடிக்கையாளருக்குப் புரிந்துவிடக் கூடாதே என்ற கவலை. குழூஉக்குறிக்கு இலக்கணக்காரர்கள் காட்டும் உதாரணம் இது. அதை விஞ்சிய கலை ஒன்று அமெரிக்க வானத்தில் இன்றும் சீரும் சிறப்புமாக இருக்கிறது. அங்கே மறைத்துச் சொல்வது பொன்னை அல்ல, மழையை. அதுவும் அந்த மழைக்குள் பறக்கப் போகிறவரிடமே.

நாலு இருக்கை செஸ்னாவை வாடகைக்கு எடுத்து ஞாயிற்றுக்கிழமை பறக்கும் தனியார் விமானிக்கு இரண்டு வானிலை ஓலைகள் இலவசம். இப்போதைய நிலவரத்தைச் சொல்வது மெட்டார். வரப்போவதைச் சொல்வது டாஃப். தொலைத்தட்டச்சு எழுத்தெழுத்தாகத் திணறிய காலத்துச் சிக்கனம் இரண்டிலும் அப்படியே இருக்கிறது. கைபேசியில் முழுநீளத் திரைப்படம் ஓடும் இந்த நாளிலும் 'மூடுபனி' என்று ஒரு சொல்லை முழுசாக எழுதி ஊதாரித்தனம் செய்யவில்லை. இந்த வைராக்கியம் வேறு யாருக்கு வரும்?

மென்பனிக்குக் குறி பி.ஆர். பிரெஞ்சில் மென்பனியை 'ப்ரூம்' என்பார்கள் என்று டெக்சாஸ்காரருக்குத் தெரியாமலா இருக்கும்! ஆலங்கட்டிக்கு ஜி.ஆர்., புகைக்கு எஃப்.யூ.; அவையும் பிரெஞ்சுதான். வானிலை கேட்டவருக்கு இன்னொரு மொழியையும் சேர்த்துக் கற்பிக்கும் கருணை. மாணவர்கள் பி.ஆரை 'பேபி ரெயின்' என்று மனப்பாடம் செய்கிறார்கள். மழையே இல்லாத பனிக்குக் குட்டி மழை என்று பெயர் சூட்டிய புண்ணியமும் இந்தக் குறிக்கே சேரும்.

அளவைகளில் எந்தக் கட்சியையும் நோகடிப்பதில்லை. காற்றின் வேகம் 'நாட்' அலகில், பார்வைத் தூரம் மைலில், வெப்பம் செல்சியஸில், அழுத்தம் பாதரச அங்குலத்தில். மேகத்தின் உயரம் தரையிலிருந்து; விமானி கண்ணெதிரே இருக்கும் உயரமானியோ கடல்மட்டத்திலிருந்து. நேரம் கிரீன்விச் நேரம். எனக்கு மிகவும் பிடித்தது காற்றின் திசைதான். எழுத்தில் வந்தால் உண்மை வடக்கிலிருந்து கணக்கு. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து காதில் விழுந்தால் காந்த வடக்கிலிருந்து. ஓடுபாதையின் எண்ணும் காந்தத்தைத்தான் நம்புகிறது. ஒரே காற்றுக்கு இரண்டு திசை கொடுத்த கைவண்ணம்!

டாஃபின் நாவடக்கத்தையும் சொல்ல வேண்டும். குடுகுடுப்பைக்காரர் 'நல்ல காலம் பொறக்குது' என்று ஒரு பக்கமாகச் சாய்ந்து மாட்டிக்கொள்வார். டாஃப் 'ப்ராப் 30' என்று மட்டும் சொல்லும்: இடிக்க நூற்றுக்கு முப்பது வாய்ப்பு. இடித்தாலும் பலித்தது, இடிக்காவிட்டாலும் பலித்தது. 'டெம்போ' நம்மூரில் சாமான் ஏற்றும் வண்டி. அங்கே, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக, மொத்தத்தில் பாதி நேரத்துக்கும் குறைவாக வந்துபோகும் கோளாறு. எந்த மணிக்கு என்று கேட்பது நாகரிகமில்லை. டாஃபின் ஆட்சி எல்லையோ விமான நிலையத்தைச் சுற்றி 5 மைல். புறப்படும் ஊரில் ஐந்து, சேரும் ஊரில் ஐந்து. நடுவிலுள்ள மலையையும் மேகத்தையும் அடுத்தவர் பண்டம்போலத் தொடாமல் விட்டுவிடும் கண்ணியம்.

நடுவழிக்கென்று பகுதி முன்னறிவிப்பு ஒன்று இதே குறிமொழியில் வந்துகொண்டிருந்தது. 2017-ல் அதை நிறுத்திவிட்டுப் படம் போட்டுக் காட்ட ஆரம்பித்தார்கள். பார்த்ததும் புரிந்துவிடுகிறது, பாரம்பரியம் இப்படித்தான் பாழாகும். அரசின் வானிலைத் தளத்தில் குறியை விரித்துக் காட்டும் வசதிகூட வந்துவிட்டது. நல்லவேளை, உரிமத் தேர்வில் இன்னமும் குறிமொழியில் கேள்வி வருகிறது.

1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை மேகத்துக்குள் நுழைந்தது போன்ற நிலையில் வைத்துச் சோதித்தார்கள். விமானம் கைமீறிப் போகச் சராசரியாக 178 விநாடி ஆனது. ஒரு டாஃபை நிதானமாகப் பிரித்துப் பொருள் காண அது தாராளம்.