இறங்குதுறைத் துணைவேந்தர்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் ஒருவர்தான். தீவகத்திலோ இறங்குதுறைக்கு ஒருவர். குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்கும் நயினாதீவுப் படகுக்கும் காத்து நிற்கும் சனத்துக்குள், காஸ் சிலிண்டருக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில், மடித்த பேப்பரைக் கக்கத்தில் வைத்தபடி இருப்பாரே, அவர்தான். காரைநகருக்குப் போகும் பாதைக்காக ஊர்காவற்றுறையில் நிற்பவர்களுக்கு வேறொருவர். ஆள் வேறு, கதை ஒன்றுதான்.

அவரை யாரும் நியமித்ததில்லை. ஆகவே யாராலும் நீக்கவும் ஏலாது. உயர்தரப் பெறுபேறு வந்த நாளிலிருந்து வெட்டுப்புள்ளி வரும் நாள்வரை மனிதருக்கு வெற்றிலை போடவும் நேரமில்லை. மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கைநூலைப் பிள்ளைகள் வாங்கிப் படிக்கிறார்கள். அவர் அதைத் திறந்ததே இல்லை. ஆனால், அதில் என்ன இருந்திருக்க வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அன்றைக்கு முதலில் அகப்பட்டவன் நெடுந்தீவுப் பெடியன் ஒருவன்.

“தம்பி என்ன பாடம்?”

“பயோ, ஐயா.”

“மெடிசின் கிடைச்சதோ?”

“இல்லை ஐயா, இசட் ஸ்கோர் கொஞ்சம் காணாமப் போச்சு. சயன்ஸ் பகல்ற்றி கிடைச்சிருக்கு. சூவோலொஜி செய்து வனஜீவராசிகள் பக்கம் போகலாமெண்டு யோசிக்கிறன்.”

இசட் ஸ்கோரில் தசமத்துக்குப் பிறகு நாலு இலக்கம். அதில் மூன்றாவது இலக்கத்தில் தடக்கி விழுந்த வைத்தியர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். விலங்கியல் படிக்கப் போகிறேன் என்று ஒரு பிள்ளை ஆசையோடு சொன்னாலும், துக்கம் விசாரிக்கிற குரலில்தான் பதில் வரும். துணைவேந்தரின் குரலும் இறங்கியது.

“மிருகத்தைப் படிச்சு என்ன செய்யப்போறாய்? நெடுந்தீவிலை என்ன யானையோ சிறுத்தையோ நிக்குது? குதிரைதான் நிக்குது. அதுக்குக் கோடையிலை தண்ணி வைக்கப் பட்டம் வேணுமே? இப்ப எல்லாக் கொம்பனிக்காரனும் பிஸ்னஸ் படிச்ச ஆக்களைத்தான் தேடுறான். பிபிஏ செய்திருக்க வேணும் நீ.”

பெடியன் தலையைக் குனிந்தான். அதே வாங்கின் மறுகரையில் புத்தகப்பையோடு இருந்த பிள்ளையின் பக்கம் துணைவேந்தர் திரும்பினார்.

“பிள்ளைக்கு?”

“கொமர்ஸ், ஐயா. பிபிஏ கிடைச்சிருக்கு.”

“ஐயோ பிள்ளை! எங்கடை தீவிலை என்னத்தை நிர்வகிக்கப் போறாய்? இருக்கிறது ஒரு சங்கக்கடை. கணக்குப் பாக்கிறதை இப்ப போனே செய்யுது. உயிருள்ளதைப் படிச்சிருக்க வேணும். மாயவரத்துக்குப் பக்கத்திலை, மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலை வனவிலங்கு உயிரியலுக்கெண்டே துறை வைச்சிருக்கிறாங்கள். ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலையும் இருக்கு. இஞ்சை கிரித்தலையிலை வனஜீவராசிகள் பயிற்சி நிலையமே இருக்கு. வெள்ளைக்காரன் குருவி பாக்கக் காசு குடுக்கிறான், உன்ரை கொப்பியைப் பாக்கக் குடுப்பானே?”

இரண்டு தீர்ப்புக்கும் நடுவில் இரண்டு நிமிடம்கூட இல்லை. முதல் தீர்ப்பைக் கேட்டவனும் அங்கேயேதான் இருந்தான். அதனால் அவருக்கு ஒரு சங்கடமுமில்லை. அவரிடம் இருப்பது ஒரேயொரு கொள்கை: நீ எதை எடுத்தாயோ, அது பிழை.

இந்த இரண்டு படிப்புக்கும் நடுவில் மதில் கட்டுவதற்குத் தீவகத்தைப் போலப் பொருத்தமில்லாத இடம் வேறில்லை. நெடுந்தீவுக் குதிரையின் வரலாற்றைத் துணைவேந்தரே படகில் அலுக்காமல் சொல்வார். போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட்டது, ஒல்லாந்தர் வளர்த்தது, ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி பண்ணை நடத்தியது எல்லாம் வரும். அந்த நாளில் அந்தக் குதிரை முழுக்க முழுக்க வணிக நிர்வாகம்: வளர்ப்பு, கணக்கு, விற்பனை. எசமான்மார் கப்பலேறிப் போனார்கள், குதிரைகள் நின்றுவிட்டன. 2015இல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அவை மேய்கிற வெளி வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் வந்தது. வெட்டுப்புள்ளி இல்லாமலே பீடம் மாறிய மாணவன் தீவகத்தில் அந்தக் குதிரை ஒன்றுதான்.

கடலட்டை போனது எதிர்த் திசையில். 2001இல் இந்தியா அதை வனவிலங்குச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. இராமேசுவரத்தில் அதைப் பிடித்தால் மறியல். பாக்குநீரிணையைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்தால், ஊர்காவற்றுறைப் பக்கத்து ஆழங்குறைந்த கடலில் வலையடைத்து, அனுமதிப் பத்திரத்தோடு அதை வளர்க்கிறார்கள். குடலெடுத்து, அவித்து, மணலில் புதைத்து, மேலேயிருக்கும் சுண்ணாம்புத் தோல் இளகினதும் தேய்த்துக் கழுவி, திரும்பவும் அவித்துக் காயவைத்தால் சீனாவுக்குப் போகும். தொழில் கொள்ளை ஆதாயம் என்பார் பண்ணைக்காரர். அடைப்பால் படகோட வழியில்லை என்பார் மீனவர். ஒரே சீவன்தான், அந்தக் கரையில் வனவிலங்கியல், இந்தக் கரையில் ஏற்றுமதி.

இதைத்தான் பெடியன் மெல்லத் தொடங்கினான். “வெள்ளை அட்டை மணலைத் தின்னும், ஐயா. அதிலையிருக்கிற அழுகலைச் செமிச்சுப்போட்டு மணலை வெளியிலை விடும். கூட வெருட்டினால் குடலைக் கக்கிப்போடும்.”

“சோதனை மண்டபத்திலை நானும் அப்பிடித்தான் இருந்தனான்” என்றாள் பிள்ளை. பிறகு, ஒரு குஞ்சு என்ன விலை, எத்தனை மாதத்தில் வளரும், எத்தனை சாகும் என்று கேட்டாள். அவன் சொல்லச் சொல்ல, ரிக்கெற்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். காஸ் சிலிண்டர்க்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

தன் சபையில் தன்னைக் கேளாமல் ஒரு கதை நடப்பது துணைவேந்தருக்குப் பொறுக்கவில்லை. கடைசி அத்திரத்தை எடுத்தார். “என்னத்தைப் படிச்சாலும் முடிவிலை டி.ஓ. தான், பாருங்கோ. அபிவிருத்தி உத்தியோகத்தர்!”

இதில் அவர் சொல்வது பொய்யில்லை. 2020இல் பட்டதாரிகளை அள்ளி எடுத்தபோது, என்ன பட்டம் என்று பார்த்தா வேலை கொடுத்தார்கள்? பிரதேச செயலகத்தில் விலங்கியல்காரன் உதவிப்பணப் படிவம் நிரப்புவான். பக்கத்து மேசையில் வணிக நிர்வாகக்காரி கட்டாக்காலி மாடுகளின் விபரம் திரட்டுவாள். படிப்பைத் தவிர மற்றதெல்லாம் ஓர் ஒழுங்கில்தான் நடக்கும்.

படகு வெளிக்கிட்டது. சோளகம் பிடித்து ஆட்ட, சிலிண்டர்கள் ஒன்றோடொன்று முட்டின. பெடியனும் பிள்ளையும் குஞ்சு விலையில் நின்றார்கள். துணைவேந்தர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

“இரண்டு பட்டமும் ஒரு வீட்டிலை இருந்தால்தான் பிரயோசனம். பிள்ளை என்ன நட்சத்திரம்?”

அவர்களே முந்திக்கொண்டு விருப்பம் என்று சொல்லியிருந்தால், அந்தப் படகிலேயே இரண்டு சாதகமும் பொருந்தாமல் போயிருக்கும்.