மயிரிழை ஆராய்ச்சி

முதல் உலகப் போரின் இருதள விமானங்களைச் சிறிய அளவில் செய்து அலமாரியில் வைப்போரிடம், ‘என்ன செய்கிறீர்கள்?’ என்று கேட்டால், ‘விமானம்’ என்பார்கள். அது பிழை. அவர்கள் செய்வது கம்பி. கம்பி கட்ட ஓர் இடம் வேண்டுமே என்பதற்காகத்தான் இறக்கை, உடல், சக்கரம் முதலியன. இதை நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம் என்க.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது சாப்வித் கேமல். 1917-இல் போர்முனைக்கு வந்த பிரிட்டிஷ் விமானம். முன்னிருந்த இரு இயந்திரத் துப்பாக்கிகளைப் போர்த்திய திமிலால் ஒட்டகப் பெயர் வந்தது. இறக்கையின் நீளம் 28 அடி. 1/72 அளவுக் கிட்டில் அது 12 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 72 என்ன கணக்கு? ஆறடி ஆள் ஓர் அங்குலம் ஆவான், அவ்வளவுதான்.

கேமலின் கீழ் இறக்கை இருபுறமும் 5 பாகை உயர்ந்து செல்லும். மேல் இறக்கை நேர்ப்பலகை. உற்பத்தி எளிதாகட்டும் என்று அப்படி வைத்தார்கள். மாதிரி செய்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. இடையில் நிற்கும் எட்டுக் கால்களும் பசை காயுமுன் ஒரே நேரத்தில் தத்தம் குழியில் இறங்க வேண்டும். பிரம்மாவின் நான்கு கை போதாது. முருகனுக்குப் பன்னிரண்டு உண்டு. வேலையும் சேவற்கொடியையும் கொஞ்சம் கீழே வைத்தால் ஆகலாம்.

இனி கம்பி. பறக்கையில் இறக்கை மேல்நோக்கி ஒடியாமல் பிடிப்பது ஒரு வகை. தரையில் நிற்கையில் தொங்கிவிடாமல் தாங்குவது மறு வகை. அசல் கம்பியை 5 மில்லிமீட்டர் என்று கொள்வோம். 72-ஆல் வகுத்தால் 0.07 வரும். இந்தத் தடிமனில் வீட்டில் என்ன இருக்கிறது? தலைமுடி! கூந்தலின் மணம் இயற்கையா என்று பாண்டியன் அவையில் அவ்வளவு வாதம் நடந்தது; தடிமன் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. நக்கீரருக்கும் தோன்றவில்லை.

ஆனால் முடியில் குற்றம் உண்டு. தேங்காய் எண்ணெய் தடவிய முடியில் பசை பிடிக்காது. மேலும், ஈரம் ஏறினால் முடி நீளும். ஜெனீவாவின் சோசூர் என்பார் அந்த இயல்பை வைத்தே ஈரப்பதமானி செய்து 1783-இல் நூலும் எழுதினார். எனவே முடி கட்டிய கேமல், மழைக்காலத்தில் தளர்ந்து வானிலை அறிக்கை வாசிக்கும்.

மாற்று வழி: பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு குச்சியை நறுக்கி, மெழுகுவத்திச் சுடருக்கு மேலே உருட்டுக. பளபளத்துத் துவளும் கணத்தில் விலக்கி, இரு கையாலும் இழுக்க. நிதானித்தால் குச்சி குச்சியாகவே நிற்கும், வெடுக்கென்றால் அறும், இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம் நூல் வரும். ஒட்டிய பின் தொய்வு தெரிந்தால், கனலும் ஊதுபத்தியைப் பக்கத்தில் காட்டினால் விண்ணென்று இறுகும். இன்னும் ஒரு மயிரிழை நெருங்கினால் நூல் இராது. ஊதுபத்தியை இத்தனை பக்தியோடு பூஜையறையில்கூட யாரும் பிடிப்பதில்லை.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதே நல்லது. கேமலின் துணிமேல் பூசிய பி.சி.10 என்ற பூச்சு, மஞ்சள் காவியில் கொஞ்சம் கறுப்பு சேர்ந்தது; வெயிலில் துணி இற்றுப்போகாமல் காக்கவும் உதவியது. அது பச்சையா பழுப்பா என்பதில் வடகலை தென்கலை போல இரு பிரிவு. படம் பார்த்துத் தீர்ப்போமென்றால், அன்றைய கறுப்பு வெள்ளைப் படச்சுருளுக்குச் சிவப்பே தெரியாது. வழக்கு நிலுவையில்.

கடைசியாகக் கறை. கேமலின் என்ஜின் விசிறியோடு தானும் சேர்ந்து சுழல்வது. அதற்கு ஊற்றியது விளக்கெண்ணெய். மிச்சம் விமானத்தின் வயிற்றிலும் விமானியின் முகத்திலும் தெறிக்கும். விழுங்கியவர் பாடு தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. மாதிரியில் அந்தக் கறையைப் பழுப்புச் சாயத்தால் தீட்டுவார்கள். அசல் விளக்கெண்ணெயையே தடவினால் என்ன என்பாருக்கு விடை: அது காயாது, தூசி அப்பும், தூசியைக் கண்டால் வீட்டில் யாராவது துணியோடு வந்துவிடுவார்கள். அலமாரிச் சாவியை இடுப்பில் முடிந்து வைத்துக்கொள்க.