முழுப் பூசணிக்காய்

தங்கை மகனுக்குப் போன மாதம் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள் என்பதால், அலறலை மிக அருகில் கேட்டவன் நான்தான். வீடியோவை வெட்டி ஒட்டும் வேலையும் என் தலையிலேயே விழுந்தது. மொத்தம் 4 ஜிபி. சென்னையிலிருந்து நாகர்கோவில் மாப்பிள்ளைக்கு அனுப்ப உட்கார்ந்தால், கம்ப்யூட்டர் 'இன்னும் 18 மணி நேரம்' என்றது.

மாலையில் எழும்பூரில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் நாகர்கோவில். பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தால், தங்கை வீட்டு ஆப்பமாவது மிஞ்சியிருக்கும்.

ஏறவும் இறங்கவும் 100 எம்பிபிஎஸ் என்று சொல்லித்தான் மாதாமாதம் பணம் வாங்குகிறார்கள். சோதித்தால் இறங்குவது 94, ஏறுவது அரை. கஸ்டமர் கேர் பெண், "மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்றார். பண்ணினேன். மறுநாள் வந்த லைன்மேன் தன் போனில் சோதித்து, ஏறுவது 92 என்று காட்டினார். "குழாய்ல தண்ணி நல்லா வருது சார். உங்க குடத்தைப் பாருங்க."

குடத்தைப் பார்ப்பதாவது! புது கேபிள் வாங்கினேன். மாடி வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேன். வயரில் போகிற இன்டர்நெட்டை அவர் எப்படித் திருடுவார் என்று மனைவி கேட்டதால், அதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

சந்தேகப்பட வேறு ஆள் கிடைக்காத நிலையில்தான் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். நெட்வொர்க் கார்டின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் ஃப்ளோ கண்ட்ரோல், ஜம்போ பாக்கெட், இன்டரப்ட் மாடரேஷன் என்று வரிசையாகப் பெயர்கள். கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த உறவினர்கள் மாதிரிதான்: யாரென்று தெரியாது, எடுத்துவிடவும் பயம். நடுவில் 'லார்ஜ் சென்ட் ஆஃப்லோடு' என்பவர் எனேபிள்டாக வீற்றிருந்தார். நான் அழைக்கவில்லை. டிரைவரோடு கூடவே வந்தவர்.

அவர் வேலை காய் நறுக்குவது. இணையத்தில் ஒரு பாக்கெட்டுக்கு 1,500 பைட்தான் கணக்கு. கம்ப்யூட்டரின் மூளைக்குச் சிரமம் வேண்டாமென்று, 64 கேபி முழுப் பூசணிக்காயை அப்படியே நெட்வொர்க் கார்டிடம் கொடுத்துவிடுவார்கள். அது 45 துண்டாக நறுக்கி அனுப்ப வேண்டும். பெரும்பாலான கார்டுகள் சமர்த்தாக நறுக்கும். என் வீட்டு டிரைவருக்கு அரிவாள்மணை பிடிக்கவே தெரியவில்லை. துண்டுகள் வழியில் சிதறின.

சிதறினால் என்ன, திரும்ப அனுப்பினால் போயிற்று என்று விட முடியாது. 1986-இல் கலிஃபோர்னியாவில் 400 கஜ இடைவெளியில் இருந்த இரண்டு இடங்களுக்கு நடுவே, விநாடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு நெரிசலில் சிக்கி 40 பிட்டுக்குச் சுருண்டது. அதைத் தோண்டிப் பார்த்த வான் ஜேக்கப்சன் 1988-இல் ஒரு மருந்து சொன்னார்: துண்டு தொலைந்தால் பாதையில் நெரிசல் என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறை. அந்த நாகரிகம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே என் கம்ப்யூட்டர், ஊரே வழிவிட்டுக் காத்திருக்கும் காலிச் சாலையில், நெரிசல் என்று நம்பி மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தது.

ஐபிவி4-க்கு ஒன்று, ஐபிவி6-க்கு ஒன்று என அந்தப் பெயரில் இரண்டு வரிகள். இரண்டையும் டிசேபிள் செய்தேன். ஏறும் வேகம் 90. ஆறே நிமிடத்தில் வீடியோ போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையிடமிருந்து பதிலும் வந்தது: "பார்த்தேன் மச்சான். பையனைவிட உங்க மூஞ்சிலதான் வலி ஜாஸ்தி."

போன வாரம் விண்டோஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. கூடவே புது டிரைவர். பூசணிக்காய் மறுபடி எனேபிள்டு. ஏறும் வேகம் மறுபடி அரை. எல்லாம் தெரிந்தவன், பாடம் படித்தவன், முதல் வேலையாக என்ன செய்தேன்?

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கத்தினேன். நானும் அப்படித்தான் செட் ஆகி வந்திருக்கிறேன் போலும்.