ரெண்டே முக்காலே மூணு வீசம்

அடித்து வளர்ப்பது காட்டுமிராண்டித்தனம் என்று ஒருவழியாகத் தெளிந்துவிட்டோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆவது பிரிவில் பள்ளிப் பிரம்புக்கு ஓய்வு கொடுத்தது. வீட்டிலும் இப்போது ‘விளைவு’தான். வியன்னாவில் பிறந்த மனநல மருத்துவர் ருடால்ஃப் ட்ரைகர்ஸ் சொன்ன வழி: தண்டிக்க வேண்டாம், செய்ததற்குப் பொருத்தமான விளைவைப் பிள்ளை சந்திக்கட்டும். பாலைக் கொட்டினால் அவனே துடைக்கட்டும். இவ்வளவு எளிமையாக இருந்தால் நமக்கு எப்படிப் பிடிக்கும்?

மேம்படுத்தினோம். சோஃபாவில் குதித்தால் ஊட்டி டூர் ரத்து. தங்கையின் சடையை இழுத்தால், ஏற்கெனவே ரத்தான ஊட்டி டூர் மறுபடியும் ரத்து. ரூமுக்குக் கட்டிய அட்வான்ஸ் திரும்பி வராது என்பதால் சனிக்கிழமை எல்லோரும் ஊட்டி கிளம்பிவிடுவோம், அது வேறு விஷயம்.

அடுத்தது, மூன்று எண்ணும் முறை. “ஒண்ணு... ரெண்டு... ரெண்டரை... ரெண்டே முக்கால்... டேய், ரெண்டே முக்காலே மூணு வீசம்!” பள்ளிக்கூடங்கள் கைவிட்ட தமிழ்ப் பின்னங்களை இன்று அம்மாக்கள்தான் காப்பாற்றி வருகிறார்கள். இன்னும் கொஞ்சம் அடம்பிடித்தால் காணி, முந்திரி வரை போய்விடலாம். மூன்றைக் கண்டவர் இல்லை.

பையனுக்குப் பின்னம் இன்னும் பாடத்தில் வரவில்லை. இட்லித் தட்டைத் தள்ளிவைத்தான். “அப்பா, போன் வேணும். ஒண்ணு, ரெண்டு...”

அப்பா லாக்கை எடுத்து, சார்ஜரோடு கொடுத்தார்.