பெரம்பூருக்குப் பசி, அடையாற்றுக்கு ஆங்கிலம்

மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு வாசிகளுக்கு ஓர் அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு. சங்கீத சீசன், ஃபில்டர் காபி, அறுபத்துமூவர் உற்சவம் எல்லாம் நம்முடையவை. வேலைநிறுத்தம், கதவடைப்பு, கோஷம் எல்லாம் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கத்துச் சமாசாரம். வரலாறு மட்டும் இதற்கு ஒத்துழைக்க மறுக்கிறது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பெயரெடுத்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் முதல் தலைவர், அடையாறு பிரம்மஞான சபைக்காரர். துணைத்தலைவர்களில் ஒருவர் ராயப்பேட்டைக்காரர். தறியில் நாடா எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டிருந்தால் இருவரும் திருதிருவென்று விழித்திருப்பார்கள்.

மில் இருந்தது என்னவோ பெரம்பூர்ப் பக்கம்தான். பின்னி கம்பெனியார் 1870களில் பக்கிங்ஹாம் மில்லைக் கட்டினார்கள். சில ஆண்டுகளில் கர்நாடிக் மில்லும் எழுந்தது. முதல் மில்லுக்குப் பெயர் கொடுத்தவர் அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு. மயிலாப்பூரில் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே, அந்தக் கால்வாய்க்கும் இவர் பெயர்தான். நீரிலும் நூலிலும் அழியாப் புகழ் வேண்டுமென்று ஆசைப்பட்டிருக்கிறார் மனிதர். நீரின் கதி நமக்குத் தெரியும்.

மில்லின் தனிப்பெருமை காக்கி. முதல் உலகப்போர் வந்ததும் பட்டாளத்துக்கெல்லாம் காக்கி வேண்டியிருந்தது, கம்பெனிக்குக் கொண்டாட்டம். நெய்தவர்களுக்கு விடியுமுன் வேலை, தாமதமானால் சம்பள வெட்டு, கேள்வி கேட்டால் வெள்ளைக்கார மேலதிகாரியின் கை. மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே ஓடி, கை கழுவி, கொண்டுவந்ததை விழுங்கி, கேட் சாத்துவதற்குள் திரும்ப வேண்டும். போதாததற்கு விலைவாசி வேறு. 1918 செப்டம்பரில் சென்னையில் அரிசிக்கடைகளையே ஜனங்கள் சூறையாடினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறைகளையெல்லாம் முதலில் காது கொடுத்துக் கேட்டவர்கள் புரட்சிக்காரர்கள் அல்லர், ஜவுளிக்கடைக்காரர்கள். செல்வபதி செட்டியார், ராமாநுஜலு நாயுடு என்று இரண்டு பேர். துணி நெய்கிறவன் துணி வாங்க வந்து, காசு போதாமல் நின்று புலம்புவான், இவர்கள் கேட்பார்கள். இருவரும் வேங்கடேச குணாமிர்த வர்ஷினி சபா என்று பக்தி மணக்கும் சபை ஒன்றையும் நடத்தி வந்தார்கள். இந்தியத் தொழிற்சங்க இயக்கம் கருவானது மார்க்ஸ் புத்தகத்தில் அல்ல, கோவிந்தா கோவிந்தாவுக்கு நடுவில். தோழர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பெருமாள் செயல்.

புலம்பல் கேட்டாயிற்று, அடுத்து அதை மேலே சொல்ல ஆள் வேண்டும். மேலே இருப்பவர்களுக்குத் தமிழில் பசி புரியாது. ஆகவே ஆங்கிலம் தெரிந்த பெரிய மனிதரைத் தேடிப் புறப்பட்டார்கள். அன்னி பெசன்ட் அம்மையாரின் ‘நியூ இந்தியா’ பத்திரிகை அலுவலகத்தில் அகப்பட்டார் பி.பி. வாடியா. பம்பாய்ப் பார்சி. அடையாற்றில் பிரம்மஞான சபையின் புத்தக வெளியீட்டைக் கவனித்துக்கொண்டிருந்தவர். முந்தைய ஆண்டுதான் ஹோம் ரூல் கிளர்ச்சிக்காக கவர்னர் பென்ட்லண்ட் இவரையும் அம்மையாரையும் சக பிரம்மஞான சபைக்காரரான அருண்டேலையும் காவலில் வைத்திருந்தார். வைத்த இடம் ஊட்டி, மாதம் ஜூன். அரசாங்கம் இப்படித் தண்டிப்பதாக இருந்தால் மாம்பலத்திலிருந்து ஒரு ரயில் நிறைய ராஜத்துரோகிகள் புறப்பட்டிருப்பார்கள்.

அடையாற்று ஆலமரத்தடியில் பேச்செல்லாம் பூர்வஜென்மம், கர்மா, ஆவி உலகம் என்று சூட்சுமமாகவே இருக்கும். அங்கிருந்து ஒருவர் கிளம்பிப் போய், இந்த ஜென்மத்தில் மத்தியானச் சோற்றுக்கு எத்தனை நிமிடம் என்று விசாரித்தது பெரிய விஷயம், கேலியில்லாமல்தான் சொல்கிறேன். 1918 ஏப்ரல் 27 அன்று சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், குத்தி என்ற ஊரிலிருந்து திவான் பகதூர் கேசவ பிள்ளை, ராயப்பேட்டையிலிருந்து ‘தேசபக்தன்’ ஆசிரியர் திரு.வி.க. துணைத்தலைவர்கள், ஜவுளிக்கடைக்காரர்கள் செயலாளர்கள். வாடியா ஆங்கிலத்தில் முழங்குவார், அது தமிழாகித் தொழிலாளியின் காதுக்குப் போகும். தன் வயிறு காய்வதையே மொழிபெயர்ப்பில் கேட்டுக் கைதட்டிய கூட்டம் உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

தலைவர் முதலில் சொன்ன புத்திமதி என்ன தெரியுமா? வேலைநிறுத்தம் கூடாது. போர் நடக்கிறது, சிப்பாய்க்குக் காக்கி போக வேண்டும், நாம் தறியை நிறுத்தினால் நேச நாடுகளுக்குக் கெடுதல். ஹோம் ரூல் கேட்டுக் காவலில் இருந்துவிட்டு வந்தவர், அதே சர்க்காரின் கால்சட்டைக்குத் துணி குறையக் கூடாதென்று கவலைப்பட்டார். கம்பெனிக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. அதே ஆண்டில் தானே முந்திக்கொண்டு கேட்டை இழுத்துப் பூட்டியது.

இதில் அம்மையாரை மறந்துவிடக் கூடாது. 1888இல் லண்டனில் பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்களின் கொடுமையைப் பத்திரிகையில் எழுதிக் கிழித்து, அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூட நின்று ஜெயிக்க வைத்தவர் இதே பெசன்ட்தான். தொழிலாளர் போராட்டத்தில் அந்த அளவு கைப்பழக்கம் உள்ளவர் சென்னையில் வேறு யாருமில்லை. ஆனாலும் பெரம்பூர் விவகாரம் வாடியாவின் இலாகாவாகவே இருந்தது.

1919இல் வாடியா வாஷிங்டன் போய், முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டில் இந்தியத் தொழிலாளர் தரப்பு ஆலோசகராக உட்கார்ந்துவிட்டு வந்தார். 1920 அக்டோபரில் மறுபடி கதவடைப்பு. டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. கம்பெனி இந்த முறை ஹைகோர்ட்டுக்குப் போனது. தொழிலாளிக்கும் எங்களுக்கும் வேலை ஒப்பந்தம் இருக்கிறது, அதை மீறும்படி தூண்டுகிறார் வாடியா, நஷ்டஈடு கொடு என்று வழக்கு. நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது. சங்கத்துக்கென்று சட்டமே இல்லாத காலம். பட்டினி கிடப்பவனைப் பார்த்து ‘உள்ளே போகாதே’ என்று சொன்னால், சட்டப்படி அது அடுத்தவன் வியாபாரத்தைக் கெடுப்பது. கடைசியில் ராஜி ஆயிற்று: வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டும், கம்பெனி வழக்கைக் கைவிடும். விலகினார். 1922இல் அடையாற்றுச் சபையையும் விட்டார். பிற்பாடு பெங்களூரில் உலகப் பண்பாட்டுக்கு ஒரு நிலையம் கண்டார். அவருக்கு விலகிப் போக எத்தனையோ வாசல்கள் இருந்தன. முன்னால் நின்று கத்திய தொழிலாளிகளுக்கு இருந்தது மில் கேட் ஒன்றுதான், அது அவர்களுக்குத் திறக்கவில்லை. இந்த வழக்கு கிளப்பிய அலையில் தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் விடாமல் மல்லுக்கட்டி, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

வாடியா விலகிய பின் அதே மில்லில் வெடித்த 1921 வேலைநிறுத்தத்தில் சிரிக்க அதிகம் இல்லை. கோடையில் தொடங்கி அக்டோபர் வரை இழுத்தது. ஆதிதிராவிடத் தொழிலாளிகள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். ஊரில் காணி நிலமோ கடன் கொடுக்க ஆளோ இல்லாதவனுக்கு மாதக்கணக்கில் பட்டினி கிடக்க வசதிப்படாது. சங்கம் அதைத் துரோகம் என்றது, கம்பெனி அதை லாபம் என்றது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கி வெடித்தது. சாதியை வெளியே விட்டுவிட்டு வந்த சங்கம் என்று மேடையில் சொல்லிக்கொண்டதெல்லாம் அந்த நெருப்பில் போயிற்று. அப்போது மந்திரிசபை அமைத்திருந்த நீதிக்கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர், அரசு ஆதிதிராவிடருக்குச் சலுகை காட்டுகிறது என்று சீறினார். அதே கட்சியில் இருந்த ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா 1923இல் வெளியேறினார்.

வேலைநிறுத்தம் நடந்த சமயத்தில் கவர்னர் வில்லிங்டன் திரு.வி.க. உள்ளிட்ட தலைவர்களை நாடு கடத்தப் பார்த்தார் என்றும், தியாகராயர் மந்திரிசபையையே பணயம் வைத்துத் தடுத்தார் என்றும் சொல்வார்கள். அப்படியானால் திரு.வி.க. ராயப்பேட்டையிலேயே தங்கியதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டியவர், மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுப்பிய தியாகராய நகருக்குப் பெயர் தந்தவர். தீபாவளிக்கு முந்திய ஞாயிறு ரங்கநாதன் தெருவில் நசுங்கும்போது யாருக்கு நன்றி நினைவுக்கு வரும்?

வெள்ளைக்காரன் மிரட்டியதோடு விட்டான். சுதந்திரம் வந்த அதே 1947இல் பின்னி மில்லில் மறுபடி பெரிய வேலைநிறுத்தம். இப்போது ஆட்சியில் காங்கிரஸ், ஓமந்தூரார் முதல்வர். அறுபதைத் தாண்டிய திரு.வி.க.வை அவர் வீட்டிலேயே காவலில் வைத்தார்கள். தமிழ்நாடு காங்கிரசை வளர்த்தவருக்கு, ஊட்டிகூட இல்லை, ராயப்பேட்டை வெயில். பின்னாளில் அரசாங்கத்துக்கு வெட்கம் வந்தது போலும், அடையாற்றின் குறுக்கே கட்டிய பாலத்துக்கு அவர் பெயரை வைத்தது. இன்று திருவான்மியூருக்குப் போகிறவர்கள் அதன்மேல் நெரிசலில் நின்றுகொண்டு, இடப்பக்கம் தெரிகிற பிரம்மஞான சபைத் தோப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள்.

மில்? பவர்லூமும் பாலியஸ்டரும் நஷ்டக் கணக்குமாகச் சேர்ந்து நோஞ்சானாக்கி, 1996இல் மூடினார்கள். கொஞ்ச நாள் சினிமாக்காரர்கள் வாடகைக்குப் பிடித்தார்கள். தறி ஓடிய கொட்டகைகளில் கதாநாயகர்கள் ஆளுக்கு இருபது அடியாட்களைத் தூக்கித் தூக்கி எறிந்தார்கள். எறியப்பட்டவர்களுக்கு வடபழனிப் பக்கம் முறையாகப் பதிவான சங்கம் உண்டு. பேட்டா பாக்கி நின்றால் மறுநாள் யாரும் பறந்து விழ மாட்டார்கள்.